ஏடுகளுக்கு நடுவே மழை

அக்டோபர் 9

மஞ்சள் வந்துவிட்டது. போன இரண்டு தடவையும் சேற்று நிறத்திலேயே நின்று என் உயிரை வாங்கிய கலவை, இன்று ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றியதும் நுரைத்துப் பொங்கி, பளிச்சென்று பொன்மஞ்சளாக மாறியது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்த விலங்கியல் ஆசிரியர் தீப்பிடித்துவிட்டதோ என்று ஓடிவந்தார். மஞ்சளைக் காட்டினேன். இதற்கா என்பதுபோல் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவருக்கு என்ன தெரியும்.

இந்த டைரி என் வீட்டுக்காரர் பிரிட்டோவுக்கு அவர் வேலை செய்கிற துறைமுகத்தில் யாரோ கொடுத்தது, ஜனவரியிலிருந்து அலமாரியில் சும்மா கிடந்தது. அவர் இன்று மாலை ஷிஃப்ட். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட் என்பது கார்பன் ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கிய கட்டு. அதைக் கந்தக அமிலத்திலும் பெர்மாங்கனேட்டிலும் போட்டு வதைத்தால், ஏடுகளில் ஆக்சிஜன் ஏறி, கட்டு கொஞ்சம் தளரும். அப்படித் தளர்ந்ததுதான் கிராஃபைட் ஆக்சைடு, இன்று எனக்கு மஞ்சளாகக் காட்சி தந்த மகராசி. அந்த ஏடுகளுக்கு நடுவில் வேறொரு மூலக்கூறை நுழைத்துக் குடிவைப்பதுதான் என் ஆராய்ச்சி. நுழைகிறதை லேபில் விருந்தாளி என்போம்.

விருந்தாளி உள்ளே போயிற்று என்று டிசம்பர் 11 அன்று கமிட்டிக்கு ஆதாரத்தோடு காட்ட வேண்டும். இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, இனி கிடைக்காது. காட்டாவிட்டால் பதிவு ரத்து. முனைவர் பட்டம், போட்ட வருஷங்கள் எல்லாம் அம்போ. ஆனால் மஞ்சள் வந்துவிட்டது.

அக்டோபர் 10

கழுவினேன். இன்னும் அமிலம். மறுபடியும் கழுவினேன்.

அக்டோபர் 14

அமிலம் போகப் போகச் சரக்கு ஊதுகிறது. காலையில் தூளாக இருந்தது மத்தியானம் ஜெல்லியாகி, வடிதாளில் இறங்கவே மாட்டேன் என்று அடம் பிடித்தது. இசக்கி வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

இசக்கியம்மாள் என் பக்கத்து மேஜைக்காரி. என் கைடு தனிஸ்லாஸ் சார்தான் அவளுக்கும் கைடு. அவள் வேலை செய்வது களிமண்ணில். கோவில்பட்டிப் பக்கத்து மண்ணை மூட்டையாகக் கொண்டுவந்து, சலித்துக் கழுவி, என்னென்னவோ செய்கிறாள்.

"ஏட்டி, இது என் களிமண்ணுக்குத் தங்கச்சில்லா. தண்ணியக் கண்டா விடாது" என்றாள்.

என் பொன்மஞ்சளைப் போய்க் களிமண்ணோடு சேர்க்கிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் சாளை மீன் வாங்கினேன், பிரிட்டோ அம்மாவுக்கு மருந்து வாங்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 20

ஆக்சைடு கண்ணாடித் தட்டில் காய்ந்து, பழுப்பும் கறுப்புமாகப் படலம் படலமாக உரிந்து வந்தது. அழகு. பாதியை எடுத்து வைத்துவிட்டு மீதியைப் பியூட்டைலமீனில் போட்டேன். அதுதான் என் விருந்தாளி. அழுகின மீன் வாடை அதற்கு, கையில் பட்டால் சோப்புக்கும் மசியாது.

இரவு சாப்பிடும்போது பிரிட்டோ தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "எங்கப்பா கடலுக்குப் போயிட்டு வந்தாக்கூட இந்த நாத்தம் நாறாதுட்டி. காலேஜ்ல என்னதான் புடிக்கிய" என்று கேட்டார். விருந்தாளி பிடிக்கிறேன் என்றேன். சரி, அவரை வாசலிலேயே உட்கார வை என்றார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி வேறு.

அக்டோபர் 23

ஏடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளக்கிற எக்ஸ்ரே கருவி எங்களிடம் கிடையாது. விருதுநகர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இருக்கிறது. வெளியாட்களுக்குப் புதன்கிழமை மட்டும், ஒரு லேபுக்கு இரண்டு சாம்பிள், அதுவும் முன்கூட்டி எழுதி வைத்தால்தான். அந்த இரண்டு இடத்தில் எதை வைப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

இசக்கி, வெறும் ஆக்சைடையும் சேர்த்து எடு என்றாள். விருந்தாளியே இல்லாத சாம்பிள் அது, பிளாங்க் என்போம். அதன் இடைவெளியோடு ஒப்பிட்டால்தான் விருந்தாளி வந்தபின் எவ்வளவு விரிந்தது என்று சொல்ல முடியும். ஆனால் பிளாங்கை நான் போன மே மாதமே எடுத்தாயிற்று, 6.9 ஆங்ஸ்ட்ராம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. சாரும் அதையேதான் சொன்னார். எடுத்ததையே திரும்ப எடுத்து ஓர் இடத்தை வீணாக்குவதா, பியூட்டைலமீனிலேயே இரண்டு சாம்பிள் வை என்றார். எங்கள் லேபில் இதுதான் வழக்கம், பிளாங்க் என்பது ஆதார் அட்டை மாதிரி, ஒரு தடவை எடுத்தால் ஆயுசுக்கும் போதும். நானும் சிரித்துவிட்டேன். இசக்கி களிமண்ணைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், அதற்குள் மணி அடித்துவிட்டது.

அக்டோபர் 28

8.9! எட்டு புள்ளி ஒன்பது!

நிதானமாக எழுதுகிறேன். காலையில் கொட்டுகிற மழையில் பேருந்து ஏறினேன். சாம்பிளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, ஒழுகுகிற ஜன்னல் ஓரமாக, விருதுநகர் வரைக்கும். அங்கே கருவியை ஓட்டுகிறவர் மரகதம் மேடம். அதிகம் பேசமாட்டார். திரையில் கோடு தட்டையாக ஊர்ந்துகொண்டே இருந்து, திடீரென்று ஒரு மலை எழும்பும். அந்த மலை எவ்வளவு இடப்பக்கம் தள்ளி எழுகிறதோ அவ்வளவுக்கு ஏடுகளின் இடைவெளி அதிகம். எனக்கு மே மாதத்து மலை எங்கே இருந்தது என்று மனப்பாடம். இன்று அந்த இடத்துக்கு வருமுன்பே, நன்றாக இடப்பக்கம் தள்ளி, குபுகுபுவென்று எழுந்தது. நான் மரகதம் மேடத்தின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வாழ்த்துகள் என்றார்.

6.9 எங்கே, 8.9 எங்கே. இரண்டு ஆங்ஸ்ட்ராம் விரிந்திருக்கிறது. பியூட்டைலமீன் படுத்துக்கொள்ள அது தாராளம். பியூட்டைலமீனில் உள்ள நைட்ரஜன் சரக்கில் இருப்பது ஏற்கெனவே தெரியும். வெளியே ஒட்டிக்கொண்டிருக்கிறதா உள்ளே போயிற்றா என்பதுதான் கேள்வியாக இருந்தது. உள்ளே போயிற்று!

சார் எல்லோருக்கும் எங்கள் ஊர் முந்திரி மக்ரூன் வாங்கிக் கொடுத்தார். மழை நேரத்து மக்ரூன், பொட்டலம் பிரிப்பதற்குள் நமுத்துப்போய்ப் பல்லில் ஒட்டியது. அதுவும் இன்றைக்கு ருசியாகத்தான் இருந்தது.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். அப்பாவுக்கு மெழுகுவர்த்தி கொளுத்தப் போனோம். ஒரு பெட்டி தீக்குச்சி காலியானது, ஒன்றும் பற்றவில்லை. பக்கத்துக் கல்லறைக்காரரிடம் நெருப்பு வாங்கினோம். அப்பாவிடம் 8.9 என்று சொன்னேன்.

நவம்பர் 6

கமிட்டிக்கு அனுப்ப வேண்டிய சுருக்கத்தை சார் எழுதி முடித்துவிட்டார். என்னை விட அவருக்குத்தான் பரபரப்பு. ஏடுகளுக்கு நடுவே பியூட்டைலமீன் குடியேறியதை எக்ஸ்ரே ஐயமின்றி நிறுவுகிறது என்று ஒரு வாக்கியம். ஐயமின்றி என்ற சொல்லை நான் நான்கு தடவை வாசித்தேன்.

இசக்கிக்கு மட்டும் முகம் சரியில்லை. மறுபடியும் பிளாங்க், மறுபடியும் பிளாங்க். அனுப்புவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை எடுத்துவிடு என்கிறாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உன் களிமண் ஆராய்ச்சி நகராவிட்டால் நான் என்ன செய்ய என்று கேட்டுவிட்டேன். அவள் சல்லடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பொறாமை. வேறென்ன. சுருக்கம் மத்தியானத் தபாலில் போய்விட்டது.

நவம்பர் 11

மறுபடியும் புதன், மறுபடியும் மழை, மறுபடியும் 8.9. புதிதாகச் செய்த சாம்பிளும் அதே இடத்தில் நிற்கிறது. ஒரு தடவை வந்தால் அதிர்ஷ்டம் எனலாம், திரும்பத் திரும்ப வந்தால் உண்மை. உப்பளமெல்லாம் தண்ணீர் தேங்கிக் குளமாகக் கிடக்கிறது, பேருந்து சுற்றிக்கொண்டு வந்தது. நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 17

நாளைக்கு இரண்டாவது இடம் காலியாக இருக்கிறது. அதில் இசக்கி கேட்ட பிளாங்கையே வைத்து எடுத்து, படத்தை அவள் மேஜையில் போடப்போகிறேன். 6.9 என்று தடித்த எழுத்தில் எழுதி. அதற்கப்புறம் வாயைத் திறக்கட்டும்.

நவம்பர் 18

வெறும் ஆக்சைடு 8.6.

மரகதம் மேடம், "ஏம்மா, பொட்டலம் எதும் மாறிப் போச்சா?" என்று கேட்டார். மாறவில்லை. கருவியில் கோளாறோ என்று, அளவு ஏற்கெனவே தெரிந்த சிலிக்கனை வைத்துச் சரிபார்த்தார். மலை இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

நவம்பர் 19

துணி காயவில்லை. தலை வலி என்று லேபுக்குப் போகவில்லை.

நவம்பர் 20

இசக்கி வீட்டுக்கு வந்துவிட்டாள். கொடியில் தொங்கிய ஈரத் துணிகளை ஒதுக்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். நானே படத்தை எடுத்துக் கொடுத்தேன். அப்போதே சொன்னேன் அல்லவா என்று ஒரு வார்த்தை வரும், வந்ததும் சண்டை போட்டுவிடலாம் என்று காத்திருந்தேன். அவள் படத்தைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள்.

"தண்ணிட்டி" என்றாள்.

அப்புறம் விளக்கினாள். நான்தான் இத்தனை நாளும் விளக்க விடவில்லை. ஏடுகளுக்கு நடுவே எது வேண்டுமானாலும் நுழையலாம், தண்ணீரும்தான். மே மாதம் ஊரே காய்ந்து கிடந்தது, ஆக்சைடும் காய்ந்து ஒடுங்கி 6.9. இப்போது காற்றிலேயே தண்ணீர். நான் புட்டியில் போட்டு மூடியைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் அது குடித்து ஊதியிருக்கிறது. அவளுடைய களிமண்ணும் மழைக்காலத்தில் இதையேதான் செய்யுமாம். நான் ஒப்பிட்டது விருந்தாளி இல்லாத வீட்டையும் விருந்தாளி வந்த வீட்டையும் அல்ல. கோடையையும் மழையையும்.

அப்படியானால் என் பியூட்டைலமீன் உள்ளே போகவே இல்லையா என்று கேட்டேன்.

"போயிருக்கலாம், போகாமயும் இருக்கலாம். ரெண்டயும் காய வச்சுப் பாத்தாத்தான் தெரியும். தண்ணி போயிட்டா வெறும் ஆக்சைடு பழையபடி ஒடுங்கிரும். ஒன் சரக்கும் கூடச் சேந்து ஒடுங்குச்சுன்னா, உள்ள ஆளு இல்லனு அர்த்தம்."

ஒடுங்காவிட்டால் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. ஆனால் இங்கே எழுதி வைக்கிறேன்: ஒடுங்காவிட்டால்?

நவம்பர் 23

சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சுருக்கம் போயிட்டும்மா. அதுல மே மாசம்னு எங்கயும் எழுதல. வெறும் ஆக்சைடு 6.9னுதான் இருக்கு. அது பொய் இல்லயே" என்றார் கடைசியில்.

கமிட்டி இதையெல்லாம் தோண்டிக் கேட்காது, பட்டம் வாங்கிய பிறகு சாவகாசமாகச் செய்துகொள்ளலாம், இப்போது கிளறினால் டிசம்பர் 11 அன்று கையில் ஒன்றுமே இருக்காது என்றார். எல்லாம் என் நன்மைக்குத்தான். பொய் இல்லைதான், பொய் இல்லைதான் என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஆனால் உள்ளே போயிற்றா இல்லையா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. பட்டம் இருக்கட்டும். நான் இத்தனை பாடுபட்டுக் கதவைத் தட்டினேனே, திறந்ததா இல்லையா? அது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நவம்பர் 24

காய வைப்பது என்றால் லேசில்லை. அடுப்பில் வைத்துச் சூடேற்றினால் ஆக்சைடே சிதைந்து கரியாகிவிடும். காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் கலத்தில், ஈரத்தை இழுக்கிற பாஸ்பரஸ் பென்டாக்சைடு பொடியோடு சேர்த்து மூடி வைக்க வேண்டும். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. பியூட்டைலமீனும் எளிதில் ஆவியாகிறதுதான். சும்மா ஒட்டிக்கொண்டிருந்தால் தண்ணீரோடு அதுவும் போய்விடும். உண்மையிலேயே உள்ளே பிடித்துக்கொண்டிருந்தால்தான் நிற்கும். தப்பிக்க வழியே இல்லாத சோதனை. எனக்கு இது பிடித்திருக்கிறது.

அதைவிடப் பெரிய வில்லங்கம், கருவியில் இடம் இல்லை. கமிட்டிக்கு முன்னால் எங்கள் லேபுக்கு மிச்சம் இருப்பது டிசம்பர் 9 மட்டும், அது இசக்கிக்கு எழுதி வைத்தது. அவளுடைய கட்டுரையைத் திருத்தி அனுப்பச் சொல்லி இதழிலிருந்து கெடு வைத்திருக்கிறார்கள், அதற்கு இரண்டு படம் வேண்டும். எனக்குக் கேட்க நாக்கு எழவில்லை.

அவளாகவே வந்து, "என் களிமண்ணு யுகம் யுகமா பூமிக்குள்ள கெடந்தது. இன்னும் ஒரு வாரம் கெடந்தா ஒண்ணும் கொறஞ்சிராது. நீ போ" என்றாள்.

கெடு என்ன ஆகும் என்று கேட்டேன். அவகாசம் கேட்டு எழுதியாயிற்று என்றாள். என்ன பதில் வந்தது என்று அவள் சொல்லவில்லை.

டிசம்பர் 1

பென்டாக்சைடு மாவு மாதிரி வெள்ளையாக இருக்கிறது. மூடியைத் திறந்தால் போதும், நம் கண் முன்னாலேயே பிசுபிசுத்துப் பாகாகிவிடுகிறது. மாற்றி மாற்றி வைக்கிறேன். கலத்தின் மூடியில் கிரீஸ் தடவித் தடவி என் சேலையெல்லாம் திட்டுத் திட்டாகக் கறை.

டிசம்பர் 4

இன்று ஒரு விளையாட்டு கண்டுபிடித்தேன். காய்ந்த வெறும் ஆக்சைடை எடுத்துத் தராசில் வைத்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே எடை ஏறுகிறது. கடைசி எண்கள் டாக்சி மீட்டர் மாதிரி ஓடுகின்றன. காற்றிலிருந்து தண்ணீரை அது குடிக்கிறதை இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். ஐயோ, இதை ஏன் நான் முன்பே பார்க்கவில்லை. இசக்கியைக் கூப்பிட்டேன், இருவரும் தராசுக்கு முன்னால் வாய் பிளந்து நின்றோம்.

அடுத்து என் சரக்கை வைத்தேன். எண் கொஞ்சம் ஏறியது. நின்றுவிட்டது. உள்ளே தண்ணீருக்கு இடம் இல்லையோ?

இசக்கி என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாதே என்று நான் அவள் வாயைப் பொத்திவிட்டேன்.

டிசம்பர் 7

இவ்வளவு வேகமாகக் குடிக்கிற ஜந்துவைக் கருவியின் தட்டில் திறந்து வைத்தால், படம் முடிவதற்குள் மறுபடியும் ஊதிவிடும். அதனால் சாப்பாடு மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளால் இழுத்துப் போர்த்தி ஓரத்தை ஒட்டிப் பழகுகிறோம். தாள் கசங்கினால் படம் கெட்டுப்போகும். இசக்கிக்குக் கை சுத்தம், எனக்குப் பொறுமை கிடையாது. நாள் முழுக்கத் திட்டு வாங்கினேன். பிரிட்டோ வீட்டிலிருந்த தாள் சுருளை யார் எடுத்தது என்று தேடிக்கொண்டிருக்கிறார்.

டிசம்பர் 9

இருவருமே போனோம். இடத்தைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார என்னால் முடியாது என்றாள்.

முதலில் வெறும் ஆக்சைடு. மழை நின்று வெயில் அடித்தாலும் காற்றில் இன்னும் ஈரம் இருந்தது. தாளுக்குள் அது பத்திரமாகத்தான் இருந்தது. கோடு ஊர்ந்தது. 8.6 இருந்த இடத்தில் ஒன்றுமில்லை, தட்டை. இன்னும் போயிற்று. மே மாதத்து இடத்தில் வந்து மலை எழுந்தது. 6.9. ஆக, அன்றைக்கு விரித்தது முழுக்கத் தண்ணீர்தான். இசக்கி சொன்னது அட்சரம் பிசகாமல் சரி.

அடுத்து என்னுடையது. நான் திரையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு இசக்கியின் கையைப் பிடித்திருந்தேன். பியூட்டைலமீன் போய்விட்டிருந்தால் இதுவும் 6.9க்குத்தான் வர வேண்டும், அதுவரை இடப்பக்கம் முழுக்கத் தட்டையாகத்தான் இருக்க வேண்டும். திடீரென்று இசக்கி என் கையை நசுக்கினாள்.

"நிக்குட்டி. உள்ள நிக்கு" என்றாள்.

8.6. தண்ணீரெல்லாம் வெளியேறிய பிறகும், காற்றையே உறிஞ்சி எடுத்த பிறகும், அது ஏடுகளுக்கு நடுவே தோள் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. மழையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தன. காய்ந்தபோதுதான் எது வெறும் வீடு, எதில் ஆள் இருக்கிறது என்று தெரிந்தது. மரகதம் மேடம் இந்த முறை தாமாகவே எங்கள் இருவரின் கையையும் பிடித்துக் குலுக்கினார். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, விருதுநகர் பேருந்து நிலையத்தில் நின்று இரண்டு பேரும் பொரித்த பரோட்டாவை மூச்சுமுட்டத் தின்றோம்.

டிசம்பர் 10

நான்கு படங்களையும் சாரின் மேஜையில் வைத்தேன். ஈரத்தில் இரண்டு, காய்ந்ததில் இரண்டு. நாளைக்கு நான்கையும் காட்டப்போகிறேன், சுருக்கத்தில் எழுதிய ஒப்பீடு தவறு என்று சொல்லப்போகிறேன் என்றேன். அனுமதி கேட்கவில்லை, சொன்னேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது என்றார். நான் வெளியே வரும்போது படங்களை வரிசை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 11

வெளியிலிருந்து வந்த உறுப்பினர் பேராசிரியர் கோமளவல்லி, சென்னைக்காரர். முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது. சார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இசக்கி பின்னால் புரொஜக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மஞ்சளில் தொடங்கி 8.9 வரைக்கும் வந்தேன். அங்கே நிறுத்தி, நாங்கள் அனுப்பிய சுருக்கத்தில் இருக்கிற ஒப்பீடு தவறு என்றேன். பிறகு மழையையும் தண்ணீரையும் சொன்னேன், காய வைத்ததைச் சொன்னேன், நான்காவது படத்தைப் போட்டேன். நின்றுகொண்டிருக்கிற அந்த மலையைக் காட்டும்போது என் குரல் என்னை மீறி உயர்ந்துவிட்டது.

கோமளவல்லி மேடம் சுருக்கத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது சரியா இருக்கு. ஆனா மே மாச அளவ வச்சே ஐயமின்றின்னு எழுதி எங்களுக்கு அனுப்பியிருக்கீங்க. பிளாங்க் திரும்ப எடுக்க வேண்டாம்னு முடிவு பண்ணது யாரு?" என்றார்.

நான்தான் மேடம் என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் சார் எழுந்துவிட்டார். மாணவி பேசும்போது அவர் எழுந்து நான் பார்த்ததில்லை.

"நான்தான். இந்தப் பிள்ள திரும்ப எடுக்கணும்னு கேட்டா. எடம் வீணாப் போகும்னு நான்தான் தடுத்தேன். தப்பு என்னோடது" என்றார்.

அப்படியே விட்டிருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை, எனக்குப் பெருமை. ஆனால் அவர் தன் மேல் பழியை ஏற்றிக்கொண்டு, நான் செய்யாத ஒன்றை எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் புரொஜக்டர் பக்கம் திரும்பினேன். இசக்கி தலை குனிந்திருந்தாள்.

"கேட்டது நான் இல்ல மேடம், இசக்கியம்மாள். அவ கேட்டப்போ நான் சிரிச்சேன். காய வைக்கணும்னு சொன்னதும் அவதான், காய வச்சு எடுத்த படம் ரெண்டும் கருவியில அவளுக்கு எழுதி வச்ச எடத்துல எடுத்தது" என்றேன்.

சார் என்னைப் பார்த்தார், மெதுவாக உட்கார்ந்தார். கோமளவல்லி மேடம் நாற்காலியையே பின்பக்கம் திருப்பிப் போட்டார். நீங்கள் எதில் வேலை செய்கிறீர்கள் என்று இசக்கியிடம் கேட்டார். களிமண் என்றாள், கேட்கிற மாதிரி இல்லை. எந்த ஊர் மண், எந்த ஈரத்தில் எவ்வளவு ஊதும், ஏன் கோவில்பட்டி மண், ஏன் ஆற்று மண் இல்லை என்று அவர் கேட்டுக்கொண்டே போனார். இசக்கி முதலில் திக்கினாள், அப்புறம் கரும்பலகைக்கே வந்துவிட்டாள். என்னுடைய கமிட்டி அவளுடைய கமிட்டியாகி, நான் ஓரமாக நின்று கரும்பலகை துடைத்துக் கொடுத்தேன்.

கடைசியில் எங்களை வெளியே அனுப்பிப் பேசிவிட்டுக் கூப்பிட்டார்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். பதிவு நிற்கிறது. சுருக்கத்தைத் திருத்தி எழுத வேண்டும், ஈரத்தில் எடுத்ததும் காய்ந்ததில் எடுத்ததும் ஒரே அத்தியாயத்தில் பக்கத்துப் பக்கத்தில் வர வேண்டும். அவ்வளவுதான். படிக்கட்டில் நான் குதித்துக் குதித்து இறங்கினேன். பிரிட்டோவுக்குப் போன் பண்ணி, கிடைத்துவிட்டது என்று கத்தினேன். பின்னால் கிரேன் சத்தத்தில் அவருக்கு என்ன கேட்டதோ, அவரும் கத்தினார்.

இசக்கி கீழே சைக்கிள் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் பயந்துபோய், கெடு தவறிவிட்டதா, கட்டுரை போய்விட்டதா என்று கேட்டேன். கெடு ஜனவரி வரை தள்ளிக் கொடுத்துவிட்டார்களாம், அது இல்லை.

"இத்தன வருசத்துல யாரும் என் களிமண்ணப் பத்தி இவ்வளவு நேரம் கேட்டதில்லட்டி" என்றாள்.

பக்கத்து மேஜையில்தான் இருந்தேன், நானும் கேட்டதில்லை. அதனால் அவள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஏன் ஆற்று மண் இல்லை என்று கேட்டேன். மேடத்திடம் சொன்னதைத்தான் மறுபடியும் ஆரம்பித்தாள். பேருந்து நிலையம் வரை சொல்லிக்கொண்டே வந்தாள், அங்கே நின்றும் சொன்னாள். நான் ஏற வேண்டிய பேருந்து இரண்டு போய்விட்டது.